தாய்க்கு மறுக்கும் தண்ணீர், பிள்ளைக்கு ஊட்டும் தண்ணீர்

பிள்ளை பெற்றவள் தாகம் என்று கேட்டால், "அரை டம்ளருக்கு மேல குடிக்காத தாயி, பிள்ளைக்குச் சளி கட்டும்" என்பார்கள். அதே கட்டிலில் கிடக்கும் பச்சைப் பிள்ளை அழுதால், "தொண்டை காஞ்சு போச்சு, சங்குல ரெண்டு சொட்டுத் தண்ணி விடு" என்பார்கள். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் என்று ராமநாதபுரக் கடலோரம் நெடுக இந்த இரண்டு பேச்சும் ஒரே வீட்டில், ஒரே வாயிலிருந்து வரும். சொல்கிறவர்களுக்கு அக்கறையில் குறைவில்லை. ஆனால் மருத்துவச் சான்றுகளை வைத்துப் பார்த்தால் இரண்டும் தலைகீழ். தண்ணீர் வேண்டியவள் தாய். ஆறு மாதம் வரை அது வேண்டாதது பிள்ளை. பால் ஊறவில்லை என்று மூன்றாம் நாளுக்குள் எழும் பதற்றத்துக்கும் இந்தத் தண்ணீர்க் கணக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

கணக்கைக் கர்ப்பகாலத்திலேயே தொடங்க வேண்டும். இந்தக் கரையில் கிணறும் அடிகுழாயும் பெரும்பாலும் உவர்ப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், இல்லையென்றால் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊருணிக்கோ ஊற்றுக்கோ போக வேண்டும். நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்ததே இந்தத் தட்டுப்பாட்டால்தான். இந்திய தர நிர்ணய அமைப்பின் அளவுப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். இதில் சோடியத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் சோடியம் உள்ள நீரை ஒருத்தி நாளொன்றுக்கு 3 லிட்டர் குடித்தால் 1500 மில்லிகிராம் சோடியம் உள்ளே போய்விடுகிறது. ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பே 2000 மில்லிகிராம்தான். குழம்பு, ஊறுகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் இன்னும் சேரவே இல்லை.

வங்கதேசத்தின் கடலோர வட்டாரங்களில் நடந்த ஆய்வுகள் உவர்நீர் குடிக்கும் கர்ப்பிணிகளிடம் கர்ப்பகால ரத்த அழுத்தம் கூடுவதைக் காட்டியிருக்கின்றன. தண்ணீர் நாக்கில் கரித்தாலே அது குடிக்க ஏற்றதல்ல என்று வைத்துக்கொள்ளலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் உப்பு சற்றுக் கூடவே செய்யும். எனவே நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் கிடைக்கிறது என்றால் அதைக் குடிக்கவும் உலை வைக்கவும் ஒதுக்குங்கள், உவர்நீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் நல்ல தண்ணீரில் முதல் பங்கு அவளுக்கு. நிறைந்த குடம் 15 கிலோவுக்குக் குறையாது. கடைசி மூன்று மாதங்களில் அதை இடுப்பில் தூக்க வேண்டியது அவள் இல்லை.

ரத்த அழுத்தம் 140/90 தொட்டால் கவனிக்க வேண்டிய நிலை. 160/110 தொட்டால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனை. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகம் திடீரென்று வீங்குவது இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. ராமேசுவரம் தீவிலிருந்து ராமநாதபுரத்துக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அந்தத் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் 108-ஐ அழைக்க வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து தரும் கால்சியம் மாத்திரை, 500 மில்லிகிராம் வீதம் இரண்டு வேளை, எலும்புக்கு மட்டும் அல்ல. உணவில் கால்சியம் குறைந்தவர்களுக்கு இந்த அழுத்த நோயின் ஆபத்தையும் அது குறைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையுடன் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயுடன் விழுங்குவது அதைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

வலி எடுத்ததும் வாயைக் கட்டிவிடுவது அடுத்த சிக்கல். "ஆபரேஷன் ஆனாலும் ஆகும், ஒண்ணும் குடிக்காத" என்று சொல்லும் வழக்கம், அறுவைக்கு முழு மயக்கம் கொடுத்த காலத்து மிச்சம். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம் அன்று நியாயமானது. இன்று பெரும்பாலான சிசேரியன் முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசியில்தான் நடக்கிறது. ஆபத்து குறைந்த பிரசவத்தில் தாய் விரும்பினால் குடிக்கவும் சாப்பிடவும் விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளிலேயே இருக்கிறது. தண்ணீர், இளநீர், நீர்மோர், கஞ்சித் தெளிவு போதும். அறுவைக்கான வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொல்படி.

குடிக்க விடாமல் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்து சிறுநீரைப் பிடித்துவைக்கும் குணமும் கொண்டது. அதை அதிக அளவில், உப்பில்லாத வெறும் குளுக்கோஸ் நீரில் கலந்து நெடுநேரம் ஏற்றினால் தாயின் ரத்தத்தில் சோடியம் அபாயமாக இறங்கலாம். இன்னொன்று பலர் அறியாதது. பிரசவத்துக்கு முந்தைய மணி நேரங்களில் தாய்க்கு ஏறிய நீரில் ஒரு பங்கு பிள்ளைக்கும் போகிறது. பிறந்ததும் எடை பார்த்தால் அந்த நீரும் சேர்ந்துதான் 3 கிலோ காட்டும். முதல் நாளில் பிள்ளை அதைச் சிறுநீராகக் கழித்துவிடும். இரண்டாம் நாள் தராசு 2 கிலோ 780 என்று காட்டினால், "பால் பத்தல, எடை எறங்கிருச்சு, பால் பவுடர் வாங்கிட்டு வாங்க" என்று ஆரம்பித்துவிடுகிறது. இறங்கிய 220 கிராமில் எவ்வளவு பால் பற்றாக்குறை, எவ்வளவு ஏற்றிய நீர் என்று யாரும் கேட்பதில்லை. நிறைய நீர் ஏற்றிய பிரசவத்தில் 24-ஆவது மணி நேர எடையை அடிப்படையாக வைத்துக் கணக்கிடலாம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நல்ல யோசனை அது.

பிறந்த கணத்தில் செய்ய வேண்டியவை சில நிமிட வேலைதான். பிள்ளையைத் துடைத்து, துணி சுற்றாமல், தாயின் வெறும் மார்பில் குப்புறப் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். ஒரு மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். தாய்க்குக் கருப்பை சுருங்க ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி. தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது, முடிந்தால் மூன்று நிமிடம், கிளிப் போடாமல் விட்டால் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் பிள்ளைக்கு இறங்கும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. முதல் ஆறு மாதம் பிள்ளை செலவழிக்கும் இரும்பு பெரும்பாலும் பிறக்கும்போதே கொண்டுவந்த இருப்புதான், அந்த இருப்பில் ஒரு பங்கு இந்த மூன்று நிமிடத்தில் சேர்கிறது. பிள்ளை மூச்சுவிடத் திணறினால் மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை. குளிப்பாட்டலை 24 மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு அழுக்கு அல்ல, தோலுக்குப் பாதுகாப்பு.

மார்பில் கிடக்கும் பிள்ளை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே தலையை ஆட்டி, வாயைத் திறந்து, காம்பைத் தேடும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையிலேயே நடக்கிறது. ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த பிள்ளைகள் 60 விழுக்காடுதான். மருத்துவமனைக்கு வந்து சேர்வதில் ஜெயித்த மாநிலம், அங்கே வந்த பிறகான முதல் மணி நேரத்தில் தோற்கிறது. அறுவைப் பிரசவம் ஏறத்தாழ 45 விழுக்காடு என்பது ஒரு காரணம், ஆனால் சாக்கு ஆகாது. மரப்பு ஊசி போட்ட தாய் விழித்துத்தான் இருக்கிறாள். தையல் போடும்போதே பிள்ளையை அவள் மார்பில் குறுக்காகக் கிடத்த முடியும், பக்கத்தில் ஒரு செவிலியர் நின்றால்.

"பால் ஊறல" என்ற தீர்ப்பு எப்படி வருகிறது? சீம்பால் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே சுரக்கத் தொடங்கிவிடுகிறது. பிள்ளை பிறக்கும்போது மார்பு வெறுமையாக இல்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு, பால் பெருகுவதைத் தடுத்துவைத்திருந்த ஹார்மோன் மெல்ல இறங்கி, 30 முதல் 72 மணி நேரத்துக்குள் பால் பெருகும். அதற்கு முந்தைய இரண்டு நாளும் சொட்டுக் கணக்குதான், அதுவே சரியான அளவு. முதல் நாள் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15. மூன்றாம் நாள் 15 முதல் 30. முதல் நாள் அளவு இரண்டு டீஸ்பூனைத் தாண்டுவதில்லை. இந்த நேரத்தில் 30 மில்லி சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனால் வயிறு நிரம்பி, பிள்ளை மூன்று நான்கு மணி நேரம் தூங்கிவிடும். சப்பாத மார்புக்கு "இன்னும் வேண்டும்" என்ற சேதி போகாது. மூன்றாம் நாள் பால் பெருக வேண்டிய நேரத்தில் பெருகாது, அல்லது பெருகியது வெளியேறாமல் கல் போலக் கட்டிக்கொள்ளும். தண்ணீர் கொடுத்ததால் பால் குறைந்தது. வீட்டில் சொல்லப்படுவதோ பால் குறைந்ததால் தண்ணீர் கொடுத்தோம் என்பது.

சீம்பால் கொஞ்சம் பேதியும் ஆக்கும். ஊரில் காட்டுப்பீ என்று சொல்லும் கருமலம் சீக்கிரம் வெளியேறினால், அதிலுள்ள மஞ்சள் நிறமி மறுபடி ரத்தத்தில் ஏறாது, காமாலையும் அடங்கும். சர்க்கரைத் தண்ணீரில் இந்த வேலை நடக்காது. வெறும் தண்ணீர் கூடுதலாகப் போனால் பச்சைப் பிள்ளையின் சிறுநீரகம் அதை வேகமாகக் கழிக்கத் தெரியாமல் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். உவர்நீர் போனால் எதிர்ப்பக்கம்: உப்பை அடர்த்தியாக்கிக் கழிக்கும் திறன் பெரியவர்களுக்கு இருப்பதில் ஏறத்தாழ பாதிதான் அதற்கு உண்டு. இந்தக் கரையில் இரண்டாவது ஆபத்தையும் மறக்கக் கூடாது, வீட்டுக் குடத்தில் இருப்பது எந்தத் தண்ணீர் என்று சங்கில் ஊற்றுகிறவருக்கே சில நேரம் தெரியாது.

சேனை வைப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குணம் நல்ல ஒருவர் முதலில் பிள்ளையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைத்தால் அவர் குணம் வரும் என்ற ஆசையை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. தொட்டு வைப்பது தேனாக இருக்கக் கூடாது என்பதே முக்கியம். தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் விதை ஒரு வயதுக்குட்பட்ட குடலில் முளைத்து உடம்பைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். தாயின் சீம்பாலில் ஒரு சொட்டைப் பிழிந்து சங்கில் எடுத்து, அந்தப் பெரியவர் கையாலேயே தொட்டு வைக்கச் சொல்லலாம். சடங்கும் கெடாது, பிள்ளையும் கெடாது. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் பேரீச்சம்பழத்தை மென்று மேலண்ணத்தில் தடவும் வீடுகளில், முதல் பால் குடித்த பிறகு, கை கழுவி, துளியளவு மசித்த பழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கழுதைப்பாலுக்கு இந்தச் சமரசமும் கிடையாது. தெருவில் கறந்து சங்கில் விற்கும் காய்ச்சாத பால் அது. சீர் என்று ஊரில் சொல்லும் பிள்ளை நோய் தட்டாமல் இருக்கவோ காமாலை இறங்கவோ அது உதவும் என்பதற்குச் சான்று இல்லை, கிருமி உள்ளே போக வழி மட்டும் உண்டு.

பால் போதவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளை மார்பைப் பிடித்திருக்கும் விதம். பிள்ளையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில், வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டி இருக்க வேண்டும். மூக்கு காம்புக்கு நேரே வருமாறு வைத்து, காம்பால் மேலுதட்டைத் தொட்டால் வாயை அகலத் திறக்கும். அப்போது பிள்ளையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும், குனிந்து மார்பைப் பிள்ளை வாயில் திணிக்கக் கூடாது. சரியாகப் பிடித்தால் தாடை மார்பில் ஒட்டியிருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். முதல் சில நொடிகளுக்குப் பிறகும் வலிக்கிறது, காம்பு வெடிக்கிறது என்றால் காம்பை மட்டும் கடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி வைக்க வேண்டும். காம்பை வெடுக்கென்று இழுத்தால் புண் பெரிதாகும்.

பிடிக்கவே இல்லை, குறைமாதப் பிள்ளை, அறுவை முடிந்து தாய் மயங்கிக் கிடக்கிறாள் என்றால் கையால் பிழியலாம். கருவட்டத்தின் ஓரத்தில், காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால், பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் எதிரெதிராக வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட வேண்டும். தோல் மேல் வழுக்கித் தேய்த்தால் எரியும், பால் வராது. சீம்பால் ஒழுகாது, துளித்துளியாகத்தான் வரும். அதைச் சங்கிலேயே நேராகப் பிடித்துவிடலாம். நம் பாட்டிமார் வைத்திருந்த சங்கு, அதாவது பாலாடை, குறைமாதப் பிள்ளைகளுக்குப் புட்டியைவிடச் சிறந்த கருவியாகப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் இடம்பிடித்திருக்கிறது. பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, நுனியைக் கீழுதட்டில் வைத்து, அது நாக்கால் எடுத்துக் குடிக்கும் வேகத்துக்கே சாய்க்க வேண்டும். தொண்டைக்குள் ஊற்றினால் புரையேறும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும்.

போதுமா என்று கண்டுபிடிக்க மார்பைப் பார்க்காதீர்கள், துணியைப் பாருங்கள். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர். கருமலம் மாறி நான்கு ஐந்து நாளில் மஞ்சள் மலம். பகலிரவாக 8 முதல் 12 முறை பால். பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை இறங்குவது வழக்கம், 10 நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அதை எட்டிவிடும். 10 விழுக்காடு, அதாவது 3 கிலோ பிள்ளைக்கு 300 கிராம், இறங்கினால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் துணியில் செங்கல் நிறக் கறை, எழுப்பினாலும் எழாத தூக்கம், உடம்பு சுடுவது இவை நீர் வற்றிய அடையாளம். கிருமித் தொற்றுக்கும் இதே அடையாளங்கள் உண்டு. வீட்டில் தண்ணீர் கொடுத்து இதைச் சரிசெய்யப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் ஏறினாலும் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். சில பிள்ளைகளுக்குக் கூடுதல் பால் உண்மையிலேயே தேவைப்படும். அப்போதும் முதலில் தாயிடமே பிழிந்த பால், அடுத்து தாய்ப்பால் வங்கிப் பால், கடைசியில்தான் பவுடர். பவுடர் பாலைக் கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். மாவு கிருமி நீக்கிய பொருள் அல்ல.

"இந்த வெயிலுக்கு நமக்கே நாக்கு வறளுது, பிள்ளைக்கு வறளாதா?" என்ற கேள்வி நியாயமானது, பதிலும் ஆய்வில் இருக்கிறது. தாய்ப்பாலில் 87 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். இந்தியாவில் 35 முதல் 40 டிகிரி வறண்ட வெயிலில், தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தபோது அடர்த்தி இயல்பாகவே இருந்தது. டெல்லிக் கோடையில் நடந்து 1991-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், தண்ணீர் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு நன்மை எதுவும் இல்லை. அவர்கள் குடித்த தாய்ப்பால்தான் குறைந்தது. வெக்கை அதிகமான நாளில் பிள்ளை அடிக்கடி, கொஞ்ச நேரம் மட்டும் குடிக்கும். தாகத்துக்குக் குடிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது தாய். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் பால் வெளியே போகிறது. அதை ஈடுகட்ட வழக்கத்தைவிட 700 மில்லி நீர் கூடுதலாக வேண்டும், வைகாசி வெயிலில் இன்னும் கூட. நிறையக் குடித்தால் பால் பெருகும் என்பதும் சரியல்ல, தாகத்துக்குக் குடித்தால் போதும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்பு இருந்தால் அளவு தானே வந்துவிடும். தாய் குடித்த தண்ணீர் பிள்ளைக்குச் சளியாக மாறும் வழி உடம்பில் கிடையாது. பத்தியம் என்று தண்ணீரை அடக்கினால் மலச்சிக்கல், நீர்க்கடுப்போடு போவதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் பெண்ணின் ரத்தம் இயல்பாகவே உறையும் போக்கில் இருக்கும். நீர் வற்றினால், சோகையும் சேர்ந்தால், மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவது வரை போகலாம். பச்சை உடம்புக்காரிக்குக் கடும் தலைவலியோடு வாந்தியோ வலிப்போ வந்தால் பேய், காத்துக் கருப்பு என்று தேடாமல் வண்டி ஏற்ற வேண்டும்.

பத்தியச் சாப்பாட்டில் இந்தக் கரைக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு: மீன். பால் கொடுப்பவளுக்கு நாளுக்கு 600 கிலோ கலோரி கூடுதல் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. காரல், சாளை, சூடை, நெத்திலி எல்லாம் மலிவான நல்ல புரதம். சுறாப் புட்டு பாலைப் பெருக்கும் என்று கேட்டு வாங்குகிறார்கள். அது பாலைக் கூட்டும் என்பதற்குச் சான்று இல்லை. மற்ற மீன்களைத் தின்று வாழும் சுறாவின் சதையில் பாதரசம் சேர்வதால், கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவை வைத்திருக்கிறது. அதே காசுக்குக் கூடையில் சாளை நிறைய வரும். பாலைக் கூட்டுவது அடிக்கடி சப்புவதும் மார்பு காலியாவதும்தான். இரவில் கொடுக்கும் பாலுக்கு இதில் தனி இடம் உண்டு, பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் உயரே நிற்கிறது.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களும் வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போகும் பெண்களும் ஆறு மாதம் வீட்டில் இருக்க முடிவதில்லை. கிளம்பும் முன் ஒரு முறை கொடுத்துவிட்டு, மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் பிழிந்து வைக்கலாம். 25 டிகிரி அறையில் 4 மணி நேரம் தாங்கும். ஓட்டு வீட்டில் சித்திரை வெயிலில் அவ்வளவு நம்ப வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஒரு வேளைக்கானதை மட்டும் பிழிந்துவிட்டு, திரும்பியதும் கொடுக்கலாம். பாலைக் காய்ச்சக் கூடாது. நெடுநேரம் பிழியாமல் இருந்து மார்பு கட்டிக்கொண்டால் வேலை இடத்திலேயே கொஞ்சம் பிழிந்து கொட்டிவிடுவது வலியையும் காய்ச்சலையும் தடுக்கும்.

ஆறு மாதம் நிறைந்து கூழும் மசித்த சோறும் தொடங்கும்போதுதான் தண்ணீருக்கு முறை வருகிறது. சாப்பாட்டோடு சில மிடறு, கொதித்து ஆறியது, டம்ளரிலோ சங்கிலோ. உவர்ப்பில்லாத தண்ணீராகப் பார்த்து அதைப் பிள்ளைக்கென்று தனிச் செம்பில் மூடி வையுங்கள். ஒரு வயது வரை கூழில் உப்புப் போட வேண்டாம்.